பட்டடையும் ஏடும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் தட்டாதெருச் சந்தியைக் கடந்தே செல்லவேண்டும். பெயரே தொழிலைச் சொல்லும். பொன்னையும் வெள்ளியையும் தட்டுபவர் தட்டார். எங்கள் பக்கத்தில் அவர்களைப் பத்தர் என்று அழைப்பதே வழக்கம். இன்று அந்தச் சந்தியிலே நின்று காதைக் கொடுத்தால் வாகன இரைச்சல்தான் கேட்கும். நான் சொல்லவந்தது வேறொரு சத்தத்தைப் பற்றி. அச்சந்திக்கு அயலே ஓர் ஒழுங்கையில் 1998ஆம் ஆண்டு தொடக்கம் 2000ஆம் ஆண்டு வரை நான் கேட்ட சுத்தியற் சத்தம் அது. அதே சத்தத்தைத் தேடி, இற்றைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கண்டியிலும் இங்கிலாந்திலும் அலைந்த சில மனிதர்களைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம் அது. வீட்டிலிருந்த வெள்ளிச் செம்பொன்றின் அடி விட்டுப்போயிற்று. அதைப் பற்றவைத்து வரும்படி அம்மா என்னை அனுப்பினார். பத்தருக்கு அப்போது எழுபது வயது கடந்திருக்கும். நிலத்திலே சம்மணமிட்டு அமர்ந்து, தேங்காயெண்ணெய் விளக்கின் சுடரை ஊதுகுழலால் வளைத்துச் செம்பின் அடியிலே செலுத்தினார். அரை நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பின்பு விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு மின்னலைப்போல ஓடி மறைந்தது. “சரி தம்பி, கொண்டுபோம்” என்றார். நான் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நாலாம் நாள் அவர், “சும்மா குந்தியிருக்கிற நேரத்துக்கு இந்தத் துருத்தியைப் பிடியும்” என்றார். என் பயிற்சி அப்படித்தான் தொடங்கியது.

முதல் மூன்று மாதமும் சுத்தியலை அவர் என் கையிலே தரவில்லை. சிரட்டைக்கரியை அளவாக உடைப்பது, துருத்தி ஊதுவது, மாலையிலே பட்டறைக் குப்பையைப் பெருக்கி ஒரு சட்டியிலே சேர்ப்பது ஆகியவையே என் வேலைகள். அந்தக் குப்பையைப் பின்னர் தண்ணீரில் அரித்தால் அராவலில் உதிர்ந்த வெள்ளித் துகள்கள் அடியிலே தங்கும். “பெருக்கத் தெரியாதவனுக்குச் செய்யவும் தெரியாது” என்பது அவருடைய கொள்கை. நிறைக்கு அவரிடம் ஒரு சிறு தராசும், விக்டோரியா மகாராணியின் முகம் பதித்த பழைய இந்திய ரூபாக் குற்றிகளும் இருந்தன. ஒரு குற்றி 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நுண்ணிய நிறைகளுக்குக் குன்றிமணி. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாயிருந்த அந்த ரூபாக் குற்றிகளை உருக்கி நகையாக்குவது முன்னோர் வழக்கம் என்றும், நிறுப்பதற்கென்று தாம் மிச்சம் பிடித்தவையே அவை என்றும் சொன்னார்.

அவருடைய பட்டடைக்கும் ஒரு வரலாறு இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்தபோது, தூக்கமுடியாத அந்த இரும்பை வளவிலே புதைத்துவிட்டுத் தென்மராட்சிக்குப் போனாராம். மறு ஆண்டு திரும்பி வந்து, வீட்டுக் கூரையைப் பார்க்குமுன் அதைத்தான் தோண்டி எடுத்தாராம். எண்ணெய் தடவிச் சாக்கிலே சுற்றிப் புதைத்ததால் துருப் பிடிக்கவில்லை என்பதை என்னிடம் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இனி வேலைக்கு வருவோம். வெள்ளியை மூசையிலிட்டு உருக்கும்போது அதன்மேல் வெண்காரமும் ஒரு கரித்துண்டும் போடுவார். ஏன் என்று கேட்டேன். “வெள்ளி மூச்சு இழுக்கும் தம்பி. இழுத்ததை ஆறேக்கை விடும். விடேக்கை துப்பும்” என்றார். இதை முதலில் வெறும் கற்பனை என்றே எண்ணினேன். உருகிய வெள்ளி தன் கனவளவைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு ஒட்சிசனை உறிஞ்சி, உறையும்போது அதைச் சீறிக்கொண்டு வெளியேற்றும் என்பதைப் பின்னாளிலே ஒரு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். பத்தர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. கரித்துண்டு அந்தக் காற்றைத் தடுத்து வெள்ளியைக் காக்கிறது.

உருக்கி வார்த்த பாளத்தை அடித்துத் தகடாக்குவதிலேதான் சத்தத்தின் பாடம் தொடங்கும். இளகிய வெள்ளியிலே சுத்தியல் விழும் ஓசை மந்தமானது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். ஓசையும் மெல்ல மெல்ல ஏறி மணியோசையாக மாறும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். மீறி அடித்தால் விளிம்பு வெடிக்கும். நிறுத்தி, நெருப்பிலே மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி, தண்ணீரிலே தோய்த்தால் வெள்ளி மீண்டும் இளகிவிடும். அந்த மங்கிய சிவப்பு வெளிச்சத்திலே தெரியாது. அதனாலேயே பத்தரின் பட்டறை எந்நேரமும் அரையிருட்டாக இருக்கும். நான் அடிக்கும்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. தம் வேலையிலே குனிந்திருந்தபடியே, “போதும், காய்ச்சும்” என்பார். நான் என் கண்ணை நம்பியிருந்தேன். அவர் தம் காதை நம்பியிருந்தார்.

தமிழ் படிக்கும் ஆசையுள்ள எனக்கு அந்தப் பட்டறை ஒரு சொற்களஞ்சியமாகவும் இருந்தது. வெள்ளியோடு சிறிது பித்தளை சேர்த்து உருக்கி, அதை அராவி எடுக்கும் தூளுக்குப் பொடி என்று பெயர். தூய வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும். 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்த கலவை 779 பாகையிலேயே உருகிவிடும். துத்தநாகமும் கலந்த பித்தளையைச் சேர்த்தால் உருகுநிலை இன்னும் இறங்கும். இந்த இடைவெளியிலேதான் பற்றவைக்கும் வித்தை முழுவதும் இருக்கிறது. பொருள் உருகுமுன் பொடி உருகி இடுக்கிலே ஓடவேண்டும். அந்தப் பொடியை வைத்து ஊதும் வேலைதான் ‘பொடி வைத்து ஊதுதல்’. ஊரிலே ஒருவரையொருவர் மூட்டிவிடுபவரைப் பொடி வைத்து ஊதுகிறார் என்கிறோமே, அந்தப் பேச்சைச் சொல்பவர் எத்தனை பேர் அந்த விளக்கையும் ஊதுகுழலையும் கண்டிருப்பார்கள்? ஊதுவதற்கும் ஒரு முறையுண்டு. மூக்கால் மூச்செடுத்துக்கொண்டே கன்னத்திற் சேர்த்த காற்றால் இடைவிடாது ஊதவேண்டும். நாதஸ்வர வித்துவான்கள் செய்வதும் இதுவே. எனக்கு இது வாய்க்க ஏழு வாரமாயிற்று.

பத்தருக்குத் தமிழிலக்கியத்தின்மேல் இரண்டு வழக்குகள் இருந்தன. முதலாவது திருவள்ளுவர்மேல். கூடா நட்பு அதிகாரத்தின் முதற்குறளிலே, மனம் ஒன்றாதவரின் நட்பை, சமயம் வரும்போது எறிந்து அடிப்பதற்கு இடங்கொடுக்கும் பட்டடையாக வள்ளுவர் காட்டுகிறார். “அடிக்கிறது சுத்தியல். வாங்கிறது பட்டடை. பழி மட்டும் பட்டடைக்கோ?” என்பார் பத்தர்.

இரண்டாவது வழக்கு இளங்கோவடிகள்மேல். அது சிரித்துக்கொண்டு சொல்லும் வழக்கன்று. பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் ஒருவன். அவன் பொய்யாலே கோவலன் கொலையுண்டான். பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. “ஒருத்தன் செய்த களவுக்கு ஆயிரம் பேரையோ தம்பி? அதிலை எத்தினை பேர் என்னைப்போலைத் துருத்தி ஊதிக்கொண்டிருந்தவங்களோ!” என்று ஒருநாள் கேட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று வகுப்பிலே அந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது கண்ணகியின் நீதியை விளக்கிவிட்டு, இந்தக் கேள்வியையும் மாணவர் முன் வைக்கிறேன்.

அதே காப்பியத்தைப் பற்றி அவர் கேட்ட இன்னொரு கேள்வியை எந்த உரையாசிரியரிடமும் நான் கண்டதில்லை. கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்துப் பரல். உள்ளே பொள்ளலான சிலம்பிலே பரலை இட்டபின்தானே மூடவேண்டும்? “மாணிக்கம் நெருப்புத் தாங்கும். முத்துத் தாங்காது. பொடி வைச்சு ஊதினா முத்துக் கருகிப்போம். அப்ப பாண்டியன்ரை பத்தன் எப்பிடி மூடினவன்?” என்று கேட்டுவிட்டுத் தாமே விடையும் சொன்னார். இரண்டு பாதிகளையும் தனித்தனியே முடித்து, சூட்டு வேலையெல்லாம் ஆறியபின் பரலையிட்டு, ஆணியாலோ சுரையாலோ பூட்டியிருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. முத்து வேக்காட்டில் அழியும் என்பதும் மாணிக்கம் தாங்கும் என்பதும் உண்மையே. எங்கள் நாட்டிலே மாணிக்கக் கற்களை ஊதுகுழல் நெருப்பிலே சுட்டு நிறந்திருத்தும் பழைய வழக்கமும் உண்டு. இரு சிலம்புகளின் வேறுபாட்டைக் கதைத் திருப்பமாக மட்டும் கண்டிருந்த எனக்கு, அது இரு வேறு பட்டறைகளின் இரு வேறு வேலைமுறையாகவும் இருக்கலாம் என்று காட்டியவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அந்த முதியவர்தான்.

எட்டாம் மாதத்திலே சந்தனக் கிண்ணம் ஒன்று செய்ய என்னை அனுமதித்தார். வட்டத் தகட்டை உள்ளிருந்து வளையம் வளையமாக அடித்துக் குழித்து, ஒவ்வொரு சுற்றும் முடியக் காய்ச்சி, பின் வெளியிலிருந்து அடித்து நிமிர்த்தி, இரண்டு மாதத்திலே கிண்ணத்தின் உருவம் வந்துவிட்டது. அடிவளையத்தைப் பற்றவைப்பது மாத்திரமே மிச்சம். பத்தர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை நான் பொறுக்கவில்லை. பொடி ஓடவில்லையென்று கண்டு இன்னும் ஊதினேன். பொடி ஓடியது. அதே கணத்திலே கிண்ணத்தின் அடியும் தொய்ந்து கரியோடு ஒட்டியது. திரும்பி வந்த பத்தர் ஏசவில்லை. குறட்டால் அதை எடுத்து மூசைக்குள்ளே போட்டார். “வெள்ளி நட்டப்படாது தம்பி, அது திரும்பி வரும். உம்மடை ரண்டு மாசந்தான் திரும்பி வராது” என்றார். இரண்டாவது கிண்ணத்தை முடித்தேன். புளித்தண்ணீரிலே கொதிக்கவைத்து வெளுப்பாக்கி மெருகிட்ட அக்கிண்ணம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவாமியறையிலே இருக்கிறது. சிறிது கோணல்தான்.

நான் அந்தக் குலத்திலே பிறந்தவனல்லன். இதை மறைக்கவேண்டியதில்லை. படித்த பிள்ளை பட்டறையிலே குந்தியிருக்கிறதே என்று என் தகப்பனார் மனங்குமைந்தார். பிறத்தியானுக்கு ஏன் வித்தையைக் காட்டுகிறீர் என்று பத்தரையும் அவருடைய உறவினர் கேட்டனர். அவருடைய ஒரே மகன் வெளிநாடு சென்று பல ஆண்டுகள். இரு பக்கத்துக் கதவும் சாத்தியிருந்தபோது, எப்படியோ சிறிது திறந்துகொண்ட இடுக்கால் நான் நுழைந்திருந்தேன்.

2000ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. கப்பலிலே திருகோணமலை சென்று போகவேண்டிய காலம். விடைபெறச் சென்றபோது பத்தர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். உருக்குத் தகடான கம்பியச்சிலே வரிசையாகத் துளைகள். ஒன்றைவிட ஒன்று சிறியது. வெள்ளிக் கம்பியை மெழுகு தடவி ஒவ்வொரு துளையாக இழுத்து மெல்லிதாக்கவேண்டும். இடையிலே ஒரு துளையையும் தாண்டக்கூடாது. தாண்டினால் கம்பி அறும். அன்றுவரை இருபதாவது துளைவரை நான் இழுத்திருந்தேன். செய்தியைக் கேட்டுவிட்டுப் பத்தர் சிரித்தபடி, “கம்பி இழுக்கப் பழக்கினன். தம்பி கம்பி நீட்டப் பழகியிட்டார்” என்றார். நானும் சிரித்தேன். அந்தப் பகிடியின் நிறை பிறகுதான் தெரிந்தது.

பேராதனை நூலகத்திலேதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை முதன்முதலிற் கண்டேன். கொழும்பிலே 1877இல் சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாயாருக்கும் பிறந்த குமாரசுவாமி தொழிலால் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பணிப்பாளராயிருந்தவர். நிலத்துக்கடியிலே கனிமம் தேடி மலைநாட்டுக் கிராமங்களெங்கும் திரிந்தவர், நிலத்துக்கு மேலே அழிந்துகொண்டிருந்த வேறொரு செல்வத்தைக் கண்டுகொண்டார். அவ்வாறு கண்ட கைவினைஞரின் வேலைகளையும் வாழ்வையும் மனைவி எதெலின் துணையோடு பதிந்து வைத்ததன் பயனே அந்நூல்.

அந்நூலின் துணைகொண்டு கண்டிக் கைவினைஞரின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். அரசனுக்குப் பணிசெய்த மேல்நிலைக் கம்மியர் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு பட்டறைகளாக அமைந்திருந்தனர். ஆபரணப் பட்டறை, பொன்வாட் பட்டறை, முடிப் பட்டறை, சிங்காசனப் பட்டறை என்பன அவை. பட்டல் என்ற சொல் பட்டடையின் உறவாகவே தமிழ்க் காதுக்கு ஒலிக்கிறது. எங்கள் கம்மாளரைப் போலவே அவர்களும் தம்மை விசுவகருமாவின் வழியினர் என்பர். அரசனுக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் செய்யும் பணிக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் இருந்தது. சாப்பாட்டுக்குக் கவலையில்லாததால் ஒரு வெற்றிலைப் பெட்டிக்கு மாதக்கணக்காக உழைக்க அவர்களால் முடிந்தது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830களின் தொடக்கத்திலே இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதோடு கம்மியனின் வேலையைக் கேட்டு வாங்கிய அரசவையும் இல்லாமற் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் வேலைத்திறம் தம் காலத்திலே சில முதியவர்களின் கைகளில் மாத்திரமே எஞ்சியிருந்ததைக் குமாரசுவாமி கண்டார்.

அவர் அந்நூலை அச்சிட்ட கதையிலே இன்னொரு பட்டறை வருகிறது. 1907இல் அவர் இங்கிலாந்திலே புறோட் கம்டன் என்னும் சிற்றூரிலே குடியேறினார். அயலூரான சிப்பிங் கம்டனிலே சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் தமது கைவினைக் கழகத்தை நடத்தி வந்தார். 1888இல் இலண்டனின் கிழக்குப் பகுதியிலே தொடங்கப்பட்ட அக்கழகம் 1902இல் தொழிலாளரும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ நூற்றைம்பது பேரோடு அக்கிராமத்துக்குப் பெயர்ந்திருந்தது. வெள்ளிவேலை அதன் முதன்மையான தொழில்களில் ஒன்று. எதெலின் சகோதரர் அங்கே நகைவேலை செய்தவர். வில்லியம் மொறிஸின் புகழ்பெற்ற கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலிருந்து ஆஷ்பியிடம் வந்த அச்சுப்பொறியிலே, 1907 செப்ரெம்பரிலிருந்து 1908 டிசெம்பர் வரை, தாமே மேற்பார்வை செய்து குமாரசுவாமி தம் நூலின் 425 பிரதிகளை அச்சிட்டார். கண்டிக் கம்மியரின் கதை கையச்சிலே, கைவினைஞர் கிராமமொன்றின் அருகிலே அச்சேறியது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. ஆஷ்பியின் தொழிலாளரிடம் கண்டியாருக்கு இருந்த குலவழி இல்லை. இயந்திரத் தொழிற்சாலைகள் அந்தச் சங்கிலியை இங்கிலாந்தில் ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தன. சாதாரண வேலைக்காரப் பிள்ளைகள் பட்டறையிலே கூடி, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் சுத்தியல் பிடிக்கப் பழகினர். அவர்களுக்காகவே ஆஷ்பி, புளோரன்சு நகரத்துப் பொற்கொல்லரான பென்வெனூற்றோ செல்லினி 1568இல் வெளியிட்ட பொன்வேலை நூலை ஆங்கிலத்திலே பெயர்த்து, 1898இல் அச்சிட்டு, அக்கழகத்தின் உலோகத் தொழிலாளருக்கே காணிக்கையாக்கினார். குரு இல்லாத இடத்திலே ஏட்டைக் குருவாக்க முயன்றார் என்றே சொல்லலாம். முயற்சி முழுவதும் வீணாகவில்லை. கழகம் 1908 அளவிலே கடன்பட்டுக் கலைந்தது. ஆனாலும் அதிலே இணைந்திருந்த ஜோர்ஜ் ஹாட் என்ற வெள்ளிவேலைக்காரர் அதே ஊரிலே, அதே பழைய பட்டு ஆலைக் கட்டடத்திலே தங்கிவிட்டார். அவருக்குப்பின் மகன், பேரன் என்று நூறாண்டைக் கடந்தும் அங்கே வெள்ளி அடிக்கப்பட்டது.

பேராதனையிலிருந்த நாள்களிலே ஒருமுறை கண்டிக்குக் கிழக்கேயுள்ள நத்தரம்பொத்த என்னும் கைவினைக் கிராமத்துக்குப் போனேன். எனக்குச் சிங்களம் அரைகுறை. ஒரு திண்ணையிலே முதியவர் ஒருவர் வெள்ளித் தட்டத்திலே வேலை செய்துகொண்டிருந்தார். தட்டத்துக்கு அடியிலே அரக்கும் செங்கட்டித்தூளும் கலந்த மெத்தை. மேலே சிற்றுளி. எங்கள் பத்தர் நகாசு வேலை செய்யும் அதே முறை. பயிலவருபவருக்கு முதலிலே ‘வக தெக’ என்னும் இரட்டை வளைவைத்தான் கீறப் பழக்குவார்களாம். அது கைக்கு வந்தபின்னரே ஏனைய கொடிகளும் பூக்களும். அவர் பக்கத்திலே கிடந்த தகட்டைக் காட்டி அடித்துப்பார்க்கச் சொன்னார். அடித்தேன். ஓசை ஏறி மணியாக மாறிய இடத்திலே நிறுத்தி நிமிர்ந்தேன். முதியவர் சிரித்துவிட்டு, “ஹரி” என்றார். எந்த ஊர், எந்தச் சாதி, என்ன மொழி என்று அவர் கேட்கவில்லை. நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

2002ஆம் ஆண்டு சித்திரையிலே ஏ9 பாதை திறந்தவுடன் ஊருக்குப் போனேன். குமாரசுவாமியின் நூலிலே பொன், வெள்ளி வேலைகளைப் பற்றிய பக்கங்களின் நிழற்பிரதிகளைப் பத்தருக்குக் கொண்டுபோனேன். படங்களைக் காட்டி, எழுதியிருந்ததைத் தமிழிலே சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தாளைத் தடவினார். “பெரிய மனிசன். எல்லாத்தையும் பாத்து எழுதியிருக்கிறார்” என்றார். பின்பு, “ஆனாத் தம்பி, இதிலை சத்தம் இல்லையே” என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் பல ஆண்டுகளாகச் சிந்தித்து வருகிறேன். 1909இல் வெளியிட்ட ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற சிறுநூலிலே குமாரசுவாமி, கைவினைஞனின் கல்வி தந்தையின் பட்டறையிலே, உண்மையான பொருளைச் செய்துகொண்டே பெறுகின்ற கல்வி என்று போற்றுகிறார். அதற்கு முன்னுரை எழுதியவரும் ஆஷ்பியே. அக்கருத்தை நான் மறுக்கவில்லை. காதால் அறியும் சத்தத்தையும் இருட்டிலே அறியும் செந்நிறத்தையும் ஏடு தராது. ஆயினும் தந்தையின் பட்டறை என்ற அந்தச் சொல்லிலே ஒரு பூட்டும் இருக்கிறது. மகன் வராவிட்டால் பட்டறை மூடப்படும். பிறத்தியான் வந்தால் இருபக்கத்தாரும் முகஞ்சுளிப்பர். கண்டியாருக்குக் குலம் இருந்தது, கேட்டு வாங்குவோர் போயினர். கம்டனாருக்குக் குலம் இல்லை, ஏடு இருந்தது, விடாமல் தங்கியிருந்த ஒருவரும் இருந்தார். அங்கே வித்தை பிழைத்தது. குலமும் ஏடும் உதவலாம். ஆனால் தங்கியிருப்பவன் ஒருவன் வேண்டும். தட்டாதெரு ஒழுங்கையிலே தங்கியிருக்கக்கூடியவனாக இருந்தவன் நான். நான் தங்கவில்லை. பல்கலைக்கழகம் சென்றதற்காக வருந்துகிறேனா என்றால், இல்லை. ஆனால் நட்டம் எவ்வளவு என்பதை அறியாமற் சென்றேன்.

2006 ஓகஸ்டிலே பாதை மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் சில மாதங்களிலே பத்தர் காலமானார். வெளிமாவட்டத்திலே ஆசிரியப் பணியிலிருந்த எனக்குச் செய்தி வரும்போது அந்திரட்டியும் முடிந்துவிட்டது. 2010இல் ஊர் சென்றபோது வீடு கைமாறியிருந்தது. 1995இலே மண்ணுக்குள் ஒளித்துக் காப்பாற்றப்பட்ட பட்டடை, பழைய இரும்பு வாங்குபவருக்குக் கிலோக் கணக்கிலே போயிருந்தது. யன்னலுக்கு முட்டாகக் கிடந்த ஒன்றை மட்டும் நான் அடையாளங் கண்டு கேட்டு வாங்கினேன். அது கம்பியச்சு.

வானொலியிலே இவ்வுரையை வாசித்தபோது பட்டடையின் ஓசையைக் கேட்பிக்க என்னால் இயலவில்லை. சுத்தியலும் பட்டடையும் இன்னும் சில ஒழுங்கைகளில் உயிரோடு இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. மூசை, துருத்தி, பொடி, சாமணம், நகாசு என்ற சொற்களை அவற்றைப் பிடித்த கையோடும் எழுந்த சத்தத்தோடும் சேர்த்துப் பதிந்து வைப்பது கடினமான வேலையன்று. கோயில் அறங்காவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். கவசமும் திருவாசியும் கடல்கடந்து வரவழைக்குமுன், உள்ளூரிலே ஒரு பத்தர் இருக்கிறாரா என்று ஒருதரம் விசாரியுங்கள். கேட்டு வாங்குவோர் இல்லாத வித்தை எவ்வளவு உயர்ந்ததாயினும் நிலைக்காது என்பதற்குக் கண்டியே சாட்சி. பெற்றோரிடமும் ஒரு சொல். பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையிலே பிள்ளை ஏதாவது பட்டறையிலே போய்க் குந்தியிருந்தால், தயவுசெய்து அழைத்துவராதீர்கள்.

கம்பியச்சு இப்போது என் மேசையிலே இருக்கிறது. சில வேளைகளிலே வகுப்புக்கும் கொண்டுபோவேன். முப்பது துளைகள். மாணவர்கள் வெளிச்சத்திலே பிடித்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். முதல் இருபதும் தேய்ந்து பளபளக்கின்றன. அவற்றிலே என் கையும் பட்டிருக்கிறது. மிகுதிப் பத்திலும் என் கம்பி ஒருநாளும் நுழைந்ததில்லை.